முதியோர் இல்லத்தில் ஒரு சீட்டாட்டம்

1977ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரின் ஜான் கோல்டன் அரங்கில் திரை விலகியபோது மேடையில் தோன்றியது ஒரு பழைய வீட்டின் முன்தாழ்வாரம். பழுதுபட்ட தட்டுமுட்டுப் பொருள்கள் ஒருபுறம். ஒரு சீட்டு மேசை, இரண்டு நாற்காலிகள் மறுபுறம். முதியவர் ஒருவர் தனியே சீட்டாடிக்கொண்டிருக்கிறார். மூதாட்டி ஒருத்தி உள்ளிருந்து வருகிறாள். அன்று முதியோர் இல்லத்தின் பார்வையாளர் நாள். இருவரையும் காண எவரும் வரவில்லை. நாடகம் முழுமைக்கும் வேறு மாந்தர் மேடையேறுவதில்லை. சீட்டாட்டத்தைத் தவிர வேறு நிகழ்ச்சியும் பெரிதாக இல்லை. ஆயினும் 'தி ஜின் கேம்' என்னும் அந்நாடகம் பிராட்வேயில் 517 முறை நடைபெற்றது. 1978ஆம் ஆண்டில் நாடகத்துக்கான புலிட்சர் பரிசையும் பெற்றது. அவையோர் வாய்விட்டுச் சிரித்தனர். முதியோர் இல்லம் என்ற பெயரைக் கேட்டாலே முகம் வாடும் மக்கள், அதே இல்லத்தைக் கண்டு சிரிக்கும் நிலை எவ்வாறு வந்தது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள்.

தொல்காப்பியம் பயின்ற நமக்கு இக்கேள்வி சற்று வியப்பூட்டுவதேயாகும். மெய்ப்பாட்டியலில் ஆசிரியர் நகைக்கு வகுத்த நான்கு நிலைக்களன்களுள் இளமையும் ஒன்று. மூப்போ நகையின்பால் வைக்கப்படவில்லை. இளிவரலுக்குரிய நான்கனுள் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. இளையோர் செய்கை கண்டு நகுவதும், மூத்தோர் நிலை கண்டு உள்ளம் சுருங்குவதும் மாந்தர்க்கு இயல்பு என்பது அவர் கண்ட உண்மை.

மேலைநாட்டு மேடை இதற்கு மாறான வழியில் சென்றது. உரோமானிய நாடக ஆசிரியர் பிளாட்டஸ் காலம் தொட்டே கிழவன் நகைப்புக்கு உரியவன். பொற்குடத்தைப் புதைத்து வைத்துவிட்டு உறக்கம் இழக்கும் அவருடைய கஞ்சக் கிழவன், 1668ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாடகப் பேராசான் மோலியேரின் கையில் ஆர்ப்பகோன் ஆனான். இத்தாலிய முகமூடி நாடகத்தின் பந்தலோனேயும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. ஆனால் இவர்களுக்குள் ஒரு பொதுமையுண்டு. அதனை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். இக்கிழவர் எல்லாரும் சொந்த வீட்டில் இருப்பவர். பெட்டியின் திறவுகோல் அவர்கள் இடுப்பில் இருக்கிறது. மகளின் திருமணம் அவர்கள் சொல்லுக்குக் காத்திருக்கிறது. அதிகாரம் உள்ளவனைக் கண்டு சிரிப்பதில் குற்றமில்லை. ஆகவே அவை கூசாமல் சிரித்தது. திறவுகோலும் இல்லாமல், வீடும் இல்லாமல், பிறர் அமைத்த கூரையின்கீழ்ப் பிறர் குறித்த நேரத்தில் உண்டு உறங்கும் முதியவரை மேடையேற்றி, அங்கே நகைச்சுவையைத் தோற்றுவிப்பது முற்றிலும் வேறான பணி. அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கே உரியது. ஏனெனில் அத்தகைய முதியவரைப் பெருந்தொகையாக உண்டாக்கியதும் அந்நூற்றாண்டே.

இங்கிலாந்தை முதலில் நோக்குவோம். 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின்கீழ் எழுந்த உழைப்பு விடுதிகள், உதவி நாடி வருவோர் அஞ்சி விலகும்படியாகவே அமைக்கப்பட்டவை. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தனர். உழைக்க வலியற்ற முதியோர்க்கும் அதுவே புகலிடம். 1908ஆம் ஆண்டுச் சட்டம் எழுபது வயது கடந்த வறியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் உதவிப்பணம் அளித்தது; பலரை அவ்விடுதி வாயிலில் இருந்து அது காத்தது. 1948ஆம் ஆண்டுத் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்தை அடியோடு நீக்கியது. விடுதி மேலாளருக்கும் விருந்தினருக்கும் உள்ள உறவே இனி முதியோர் இல்லங்களில் நிலவ வேண்டும் என்பது அமைச்சர் அனூரின் பெவன் கண்ட கனவு. கனவு கனவாகவே நின்றது. பீட்டர் டவுன்செண்ட் என்னும் சமூகவியல் அறிஞர் 173 இல்லங்களை நேரிற் கண்டு 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பழைய உழைப்பு விடுதிக் கட்டடங்களே பெயர் மட்டும் மாறிப் பயன்பட்டு வந்ததை எடுத்துக்காட்டினார்.

அந்நூல் வெளிவருவதற்கு ஈராண்டு முன்னர், 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், இலண்டன் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் நோயல் கவர்ட் எழுதிய 'வெயிட்டிங் இன் த விங்ஸ்' மேடையேறியது. கவர்ட் பெயர் நம் பகுதிக்கும் முற்றிலும் புதியதன்று. 1930ஆம் ஆண்டில் கீழைநாட்டுப் பயணத்தின் இடையே சிங்கப்பூர் விக்டோரியா அரங்கில், அங்கு வந்திருந்த ஒரு நாடகக் குழுவினரோடு சேர்ந்து, முதல் உலகப் போர் பற்றிய 'ஜர்னீஸ் எண்ட்' நாடகத்தில் அவர் மூன்று நாள் நடித்துச் சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பது, புகழின் உச்சி. முதியோர் இல்ல நாடகத்தை எழுதியபோது அவர் அறுபதைத் தொட்டுவிட்டார், புகழும் சரிந்திருந்தது.

நாடகத்தின் தலைப்பு இருபொருள் தருவது. மேடையின் பக்கத்திரை மறைவில் தம் முறைக்காகக் காத்திருத்தல் என்பது ஒரு பொருள். 'தி விங்ஸ்' என்பதே அவ்வில்லத்தின் பெயருமாம். அங்கு வாழ்வோர் அனைவரும் ஓய்வுபெற்ற நடிகையர். ஒரு காலத்தில் பெயர் விளங்க வாழ்ந்தவர்கள். இன்று அறக்கொடையால் வாழ்பவர்கள். காற்றுப் புகாதபடி திண்ணையைக் கண்ணாடியிட்டு மூடித் தர வேண்டும், அங்கு அமர்ந்து வெயில் காய வேண்டும் என்பதே அவர்களுடைய ஒரே கோரிக்கை. செலவு மிகுதி என்று நிர்வாகக் குழு மறுக்கிறது. இச்சிறு பூசலைச் சுற்றியே கதை ஓடுகிறது. புதிதாக வந்து சேரும் லோட்டாவும் அங்கு முன்பே இருக்கும் மே என்பாளும் முப்பது ஆண்டுகளாகப் பேசாதவர்கள். மேயின் கணவர் அவளைப் பிரிந்து லோட்டாவை மணந்தவர் என்பதே காரணம். ஒரே கூடத்தில், ஒரே மேசையில் உணவு. பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும்?

இந்நாடகத்தின் நகைச்சுவை உரையாடலின் கூர்மையில் மட்டும் இல்லை. தம் பெருமையை விட்டுக்கொடுக்காத நடிகையர், தேநீர் ஊற்றுவதைக்கூட ஒரு காட்சியாக நடித்துக் காட்டுவதில் உள்ளது அது. அதனூடே கவர்ட் இரண்டு கடுமையான செய்திகளைப் புகுத்திவிட்டார். அறிவு மயங்கிய சரிதா என்னும் மூதாட்டி தீக்குச்சியோடு விளையாடி அறையில் தீ மூட்டிவிடுகிறாள்; அவளை வேறிடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவள் விடைபெறும் காட்சியில் சிரித்துக்கொண்டிருந்த அவை சட்டென்று அடங்கிவிடும். மற்றொன்று, கனடாவிலிருந்து மகன் வந்து உடன் அழைத்தும் லோட்டா போக மறுப்பது. மகன் அழைத்தும் தாய் இல்லத்திலேயே தங்க விரும்புவதா என்று நம்மவர் முகம் சுளிக்கலாம். முப்பது ஆண்டுப் பகையாளியிடம் தன் தொழிலின் மொழி இருந்தது. மகனிடம் அது இல்லை. இக்காட்சியை நான் படிக்குந்தோறும் கவர்ட் தம் நாளில் பெற்ற மதிப்பைவிட மேலான நாடக ஆசிரியர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

ஏனெனில் அன்றைய திறனாய்வாளர் அந்நாடகத்தைக் கிழித்தெறிந்தனர். 1956ஆம் ஆண்டில் ஜான் ஆஸ்பர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' தோன்றியதிலிருந்து, சினங்கொண்ட இளைஞரே ஆங்கில மேடையின் நாயகர். முதிய நடிகையரின் திண்ணைப் பூசல் அவர்களுக்குப் பழங்கஞ்சியாகப் பட்டது. ஆயினும் மேடையில் நின்றவர்கள் யார் என்பதை மறத்தல் கூடாது. லோட்டாவாக நடித்த சிபில் தார்ண்டைக்குக்கு அப்போது வயது 77. படுக்கையில் இருக்கும் 95 வயது நடிகையைக் காண மலர்க்கொத்தோடு வரும் இரசிகராக நடித்தவர் அவருடைய கணவர் லூயிஸ் காசன். அவருக்கு வயது 84. முதுமையைப் பற்றிய நாடகத்தை முதுமையே நடித்தது.

கவர்ட் இக்கதையை வெறுங்கற்பனையால் புனைந்தாரல்லர். நடிகர்களுக்கான டென்வில் ஹால் என்னும் ஓய்வில்லம் இலண்டனுக்கு வடமேற்கே நார்த்வுட்டில் 1920களிலிருந்தே உண்டு. கவர்டும் 1934 முதல் 1956 வரை நடிகர் குழந்தைகளுக்கான அநாதை இல்லத்தின் தலைவராக இருந்து, குழுக் கூட்டங்களின் போக்கை நன்கு அறிந்தவர். கண்ணாடித் திண்ணை பற்றிய விவாதம் அத்தனை மெய்யாக ஒலிப்பதற்கு அதுவே காரணமாகலாம்.

எனினும் 'தி விங்ஸ்' ஒரு தொழிற் குடும்பத்தின் வீடு. அங்கே ஒருவர் பழம்பெருமை பேசினால் மற்றவருக்குப் புரியும். அமெரிக்க நாடகம் காட்டும் பென்ட்லி இல்லத்தில் அதுவும் இல்லை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் நேற்று யாராக இருந்தார் என்பது எவருக்கும் தெரியாது. இவ்வேற்றுமைக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வறிய முதியோர்க்கு உதவிப்பணம் தர வழிசெய்த அச்சட்டம், அரசாங்க விடுதிகளில் தங்கியிருப்போர்க்கு அப்பணம் இல்லை என விலக்கியது. நோக்கம் நல்லது. மாவட்டந்தோறும் இழிபெயரோடு நின்ற ஏழையர் விடுதிகள் மூடப்பட வேண்டும், முதியோர் தம் வீட்டிலேயே வாழ வேண்டும் என்பதே சட்டம் செய்தோர் எண்ணம். ஆனால் பிணியுற்ற முதியோர்க்கு வீட்டில் பார்ப்பார் இல்லையே! கையில் பணம் உண்டு. அரசாங்க விடுதியில் இருந்தால் அது நின்றுவிடும். ஆகவே தனியார் வீடுகள் முளைத்தன. அறைகள் மிகுந்த பழைய வீட்டை உடையவர் சிலர், தாதியராக இருந்தோர் சிலர், நான்கு படுக்கை எட்டுப் படுக்கை போட்டு முதியோரை ஏற்றனர். ஏழையர் விடுதியை ஒழிக்கப் பிறந்த சட்டம் முதியோர் பராமரிப்பு வணிகத்துக்கு வித்திட்டது.

1954ஆம் ஆண்டில் மருத்துவமனை கட்டும் மானியம் இத்தகைய இல்லங்களுக்கும் விரிந்தது. மருத்துவமனை விதிகளே இவற்றுக்கும் பொருந்த, நீண்ட நடைகூடம், நடுவில் தாதியர் மேசை, இருபுறமும் அறைகள் என்ற அமைப்பு நிலைத்துவிட்டது. வீடு என்ற பெயர், மருத்துவமனையின் உருவம். பின்னர் 1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அதிபர் ஜான்சன் மெடிகேர், மெடிகெய்ட் திட்டங்களில் கையொப்பமிட்டார். மெடிகேர் முதியோர் அனைவர்க்கும் உரிய மருத்துவக் காப்புறுதி. ஆனால் நெடுங்காலப் பராமரிப்புக்கு அது பணம் தராது. மெடிகெய்ட் தரும்; ஆனால் அது வறியோர்க்கு உரியது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். வாழ்நாள் முழுதும் சிக்கனமாகச் சேர்த்தவர் இல்லத்தில் புகுகிறார். மாதந்தோறும் கட்டணம் சேமிப்பைக் கரைக்கிறது. எல்லாம் கரைந்து சட்டப்படி ஏழை ஆன பின்னரே அரசு கைகொடுக்கிறது. இதே காலத்தில் மனநோய் மருத்துவமனைகள் தம்மிடமிருந்த முதியோரை வெளியேற்றின. அவர்களும் இவ்வில்லங்களுக்கே வந்து சேர்ந்தனர். 1970களின் நடுவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர் இத்தகைய இல்லங்களில் வாழ்ந்தனர்.

இனி நாடகத்துக்கு வருவோம். ஆசிரியர் டி. எல். கோபர்ன் 1938ஆம் ஆண்டில் பால்டிமோரில் பிறந்தவர். விளம்பரத் துறையில் தொழில் செய்தவர். இதுவே அவருடைய முதல் நாடகம். 1976ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சிறு அரங்கு ஒன்றில் தோன்றி, லூயிவில் நகர மேடை வழியாக நியூயார்க் சேர்ந்தது. வெல்லர் மார்ட்டினாக நடித்த ஹியூம் குரோனினும், ஃபோன்சியா டார்சியாக நடித்த ஜெசிகா டாண்டியும் 1942 முதல் கணவன் மனைவியர். இயக்கிய மைக் நிக்கல்ஸ், மேடையில் இருவர் நின்று நொடிக்கு நொடி நகைப்பூட்டும் கலையில் இளமையிலேயே பெயர் பெற்றவர்.

ஜின் என்பது ரம்மி வகைச் சீட்டாட்டம். இருவர் ஆடுவது. ஆளுக்குப் பத்துச் சீட்டு. ஒரே எண்ணுள்ளவற்றை மூன்று நான்காகவோ, ஒரே சின்னத்தில் தொடர்ச்சியாகவோ சேர்க்க வேண்டும். பத்தும் சேர்ந்துவிட்டால் 'ஜின்' என்று சொல்லிச் சீட்டை விரித்துவிடலாம். வெல்லர் தம்மை இவ்வாட்டத்தில் வல்லவர் என்று கருதுபவர். ஆட்டத்தை மறந்துபோன ஃபோன்சியாவுக்கு அவரே விதிகளைச் சொல்லிக் கொடுக்கிறார். முதலாட்டத்தில் அவள் வெல்கிறாள். அடுத்ததிலும் அவளே. அதற்கடுத்ததிலும் அவளே. அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே பங்கிடுவார். அடுக்கி முடிப்பதற்குள் அவள் மெல்லிய குரலில், ஏதோ குற்றம் செய்தவள்போல், 'ஜின்' என்பாள். ஒரே சொல், ஒவ்வொரு முறையும் அவை வெடித்துச் சிரிக்கும். சிரிப்பு எப்போது நிற்கிறது என்று குறிப்பாகச் சொல்ல இயலாது. வெல்லரின் முகம் சிவப்பதும், குரல் உயர்வதும், மேசை கவிழ்வதும் படிப்படியாக நேர்கின்றன. இறுதியில் கைத்தடியால் அவர் சீட்டு மேசையை ஓங்கி ஓங்கி அடிக்கும்போது அவையில் சிரிப்பவர் ஒருவரும் இரார்.

ஆட்டத்தின் இடையிடையே இருவரும் தம் வாழ்க்கையைச் சொல்கின்றனர். மற்றவர் சொன்னதில் உள்ள பொய்யை ஒருவரொருவர் தோண்டி எடுக்கின்றனர். மகன் தொலைவில் உள்ள டென்வர் நகரில் இருப்பதால் வர இயலவில்லை என்று ஃபோன்சியா சொன்னது பொய். அவன் அதே ஊரில்தான் இருக்கிறான். கூட்டாளிகள் ஏமாற்றியதாலும் காலக்கேட்டாலும் தொழில் அழிந்தது என்று வெல்லர் சொல்வதும் முழு உண்மையன்று. இருவரும் அரசின் உதவிப்பணத்தால் அங்கு இருப்பவர்கள். அதை இருவரும் மறைக்கின்றனர். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரலாறு தெரிந்தவர்க்கு இந்த நாணம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். நடுத்தரக் குடும்பத்தினர் தம்மை ஏழை என்று எழுதிக் கொடுத்துப் பெற்ற இடம் அது. எல்லாவற்றையும் இழந்தவர்க்கு வெற்றி தோல்வி என்று ஒன்று எஞ்சி நிற்பது சீட்டு மேசையில் மட்டுமே. அங்கும் வெல்லர் தோற்கிறார். ஃபோன்சியாவுக்கோ வெற்றி கசப்பாக இல்லை என்பதைப் பார்வையாளர் மெல்ல உணர்கின்றனர். அவள் வெறும் அப்பாவி அல்லள். இருவருள் யார் பக்கம் நியாயம் என்று நாடகம் சொல்லவில்லை. சொல்லாமைதான் அதன் வலிமை.

1970களின் தொடக்கத்தில் முதியோர் இல்லங்களைக் கண்டித்து வந்த நூல்களுக்குக் குறைவில்லை. மேரி அடிலெய்ட் மெண்டல்சன் எழுதிய 'டெண்டர் லவிங் கிரீட்' 1974ஆம் ஆண்டில் இல்ல வணிகரின் பேராசையை அம்பலப்படுத்தியது. மருத்துவர் ராபர்ட் பட்லரின் 'வொய் சர்வைவ்' 1975ஆம் ஆண்டில் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. முதியோரை வயது காரணமாக இழிவாக நடத்துவதைக் குறிக்க 'ஏஜிசம்' என்ற சொல்லை 1969ஆம் ஆண்டில் ஆக்கியவரும் இவரே. அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று ஆண்டுக்கணக்கில் விசாரணை நடத்தியது. இவையெல்லாம் இல்லத்தில் முதியோர்க்குப் பிறர் செய்யும் கொடுமையைச் சொன்னவை. கோபர்னின் நாடகத்தில் கொடியவன் எவனும் மேடைக்கு வருவதில்லை. உணவு சுவையற்றது, பணியாளர் திருடுகின்றனர் என்ற முறையீடுகள் காதில் விழுகின்றன, அவ்வளவே. அரசியல் நோக்கில் இதனைக் குறை என்று சொல்வார் உண்டு. அக்குறையை நான் ஏற்பதற்கில்லை. அறிக்கைகளில் முதியவர் இரக்கத்துக்குரிய எண்ணிக்கை. மேடையில் அவர் சினமும் பொய்யும் பொறாமையும் உடைய முழு மனிதர். முழு மனிதரைக் கண்டுதான் சிரிக்க முடியும்.

சட்டம் மெதுவாகவே வந்தது. 1987ஆம் ஆண்டு இல்லச் சீர்திருத்தச் சட்டம், தேவையின்றி முதியோரைக் கட்டி வைத்தலையும் மருந்தால் அடக்கி வைத்தலையும் தடுத்தது; இல்லத்தில் வாழ்வோர் தமக்கெனக் குழு அமைத்துக்கொள்ளும் உரிமையும் தந்தது. கண்ணாடித் திண்ணைக்காகப் போராடிய கவர்டின் நடிகையர் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்.

1999ஆம் ஆண்டில் ரொனால்ட் ஹார்வுட் எழுதிய 'குவார்டெட்' ஓய்வுபெற்ற இசைநாடகப் பாடகர் நால்வரைப் பற்றியது. 2012ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. இனிய நாடகம், ஆனால் ஆழம் குறைவு. அதன் பின்னணியில் உள்ள மெய்யான இல்லமே நாடகத்தைவிடச் சுவையானது. இத்தாலிய இசைமேதை வெர்டி, தம்மைப் போல் நல்வாய்ப்புப் பெறாத இசைவாணர்க்காக மிலான் நகரில் ஓர் ஓய்வில்லம் கட்டினார். கட்டடம் 1899ஆம் ஆண்டில் முடிந்தும், தம் வாழ்நாளில் எவரும் அங்குக் குடிபுகுதல் ஆகாது என்றார். நன்றி சொல்ல ஒருவரும் தம் முன் வந்து நிற்கக் கூடாது என்பது அவர் கருத்து. 1901ஆம் ஆண்டு சனவரியில் அவர் மறைந்தார். 1902ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், அவருடைய பிறந்த நாளில், முதல் முதியோர் உள்ளே சென்றனர். கொடுப்போர் முன் கூனி நிற்கும் நாணத்தை அவர் ஒருவரேனும் முன்னறிந்து தவிர்த்தார்.

'தி ஜின் கேம்' 1997ஆம் ஆண்டில் ஜூலி ஹாரிஸ், சார்லஸ் டர்னிங் நடிப்பில் மீண்டும் பிராட்வேக்கு வந்தது. 2015ஆம் ஆண்டு அக்டோபரில், முதன்முதலில் அது மேடையேறிய அதே ஜான் கோல்டன் அரங்கில், ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் வெல்லராகவும் சிசிலி டைசன் ஃபோன்சியாவாகவும் நடித்தனர். ஜோன்சுக்கு வயது 84; டைசனுக்கு 90. 1977ஆம் ஆண்டில் குரோனினுக்கு 66, டாண்டிக்கு 68. ஜோன்சும் டைசனும் கறுப்பின அமெரிக்கர். 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்னர், மெடிகேர்ப் பணத்தை நிறுத்திவிடுவோம் என்ற எச்சரிக்கையால் மருத்துவமனைகளில் நிறப்பிரிவினை விரைவில் தகர்ந்தது. முதியோர் இல்லங்களில் அந்த வேகம் காட்டப்படவில்லை. அங்கு அப்பிரிவினை நெடுங்காலம் நீடித்தது. கோபர்ன் நாடகம் எழுதிய நாளில், அமெரிக்காவின் இல்லங்கள் பலவற்றின் தாழ்வாரத்தில் இவ்விருவர்க்கும் நாற்காலி கிடைத்திராது. 2015ஆம் ஆண்டில் அதே தாழ்வாரத்தில் தொண்ணூறு வயது மூதாட்டி சீட்டை விரித்து மெல்லிய குரலில் 'ஜின்' என்றார். அவையும் முன்போலவே சிரித்தது.